எந்தத் திகதிக்கு?

1

மகளின் நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மண்டபம் எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்காரருக்குச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்கு பஸ் கூடப் பிடித்தாயிற்று. ஒன்றுதான் ஆகவில்லை. புத்தளத்தில், தில்லையடியில் இருக்கும் என் தங்கச்சி ஹபீபா வருவாளா என்பது தெரியவில்லை. கொழும்பில் நடக்கவேண்டிய அவளுடைய விசா நேர்முகம் மூன்றாவது தடவையாகவும் தள்ளிப் போய்விட்டது. நேற்று அவளே தொலைபேசியில் சொன்னாள். அண்ணனை எங்களில் நானா என்போம்.

"திரும்பவும் தள்ளிப் போட்டுட்டாங்க, நானா."

அவள் குரலில் கவலை இல்லை. அவள் குரலில் கவலையைக் கேட்டு இருபத்தைந்து வருடமாகிறது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு விசா அலுவலகத்தின் மேல்தான் ஆத்திரம். ஒரு ஏழைத் தையற்காரியைப் புத்தளத்திலிருந்து கொழும்புக்கு வா, வராதே என்று இழுத்தடிக்கிறார்களே என்று மனைவியிடம் கத்தினேன். இதை இப்படியே விடப்போவதில்லை, காரசாரமாக ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுதுங்கள் என்றாள்.

ஜெர்மனியிலிருந்து இவன் எழுதுவதெல்லாம் பனியும் தனிமையும்தானே என்று ஊரில் அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தடவை பனி இல்லை. ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன். தள்ளிப் போடுதல். அதில் நான் பட்டம் வாங்கியவன்.

2

இங்கே வந்த இரண்டாம் வருடம், அகதிகளுக்கான மொழி வகுப்பில் ஆசிரியை அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். ஃபெர்ஷீபன். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் கொஞ்சம் பருத்த பெண்மணி. மூலையில் இருந்த அலுமாரியிடம் போய், தோளால் முட்டி, ஒரு முழம் தள்ளிக் காட்டினார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு நாளைத் தொட்டு, விரலை இன்னொரு நாளுக்கு நகர்த்திக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் ஊரிலும் அலுமாரியைத் தள்ளுகிறோம், நாளையும் தள்ளுகிறோம். பத்திரிகைக்காரர்கள்தான் பிற்போடுவார்கள். வீட்டில் எல்லோரும் தள்ளிப் போடுகிறவர்கள்.

ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். நான் எழுந்து, பல் வைத்தியரின் டெர்மினைத் தள்ளிப் போடுகிறேன் என்றேன். டெர்மின் என்றால் குறித்துக் கொடுத்த நேரம். இந்த நாட்டில் அதைவிடப் புனிதமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஆசிரியை உட்காரச் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வசனம் சரியில்லையோ என்று கேட்டேன். சரிதான், ஆனால் முடியவில்லை என்றார். எந்தத் திகதிக்கு?

திகதி தெரியாது, பிறகு பார்க்கலாம் என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "திகதி சொன்னால் தள்ளிப் போட்டாய். சொல்லாவிட்டால் கைவிட்டாய். பல் வைத்தியருக்கு இரண்டும் ஒன்றில்லை" என்றார்.

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் திகதி சொல்லித் தள்ளிப் போடுகிறவனைப் பார்த்தது யார்? தொண்ணூறில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொல்ல, மன்னாரை விட்டுப் புத்தளத்துக்கு வந்து, கரைத்தீவுப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். அடுத்த நோன்புக்குள் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார்கள். நோன்பு வந்தது. ஹஜ்ஜுக்குள் என்றார்கள். அதை நம்பி உம்மா இரண்டு வருடம் பெட்டியைத் திறந்து உடுப்பை வெளியே எடுத்து அடுக்கவில்லை. வாப்பா அந்தக் கொட்டிலிலேயே மௌத்தானார். எங்களை வெளியே போகச் சொன்னவர்கள் மட்டும்தான் எதையும் தள்ளிப் போடவில்லை. நேரம் குறித்துப் போகச் சொன்னார்கள், போனோம். மற்றவர்கள் எல்லோரும், அரச அலுவலகங்கள், நிவாரணக்காரர், எங்கள் பெரியவர்கள் உட்பட, திகதி இல்லாமல்தான் கதைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான்.

3

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

நான் ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடத்தில் ஹபீபாவுக்குக் கல்பிட்டியில் மாப்பிள்ளை பொருந்தியது. பெயர் நியாஸ். படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எப்போதும் கிறீஸ் இருக்கும், வாயில் கெட்ட வார்த்தை இருக்காது என்று சாச்சா, வாப்பாவின் தம்பி, கடிதம் எழுதியிருந்தார். ஹபீபாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை உம்மா சொல்லவில்லை. தொலைபேசியில் அவருடைய பேர் வந்தபோதெல்லாம் அவள் பேச்சு நின்று நின்று வந்ததில் எனக்கே தெரிந்தது.

எங்கள் நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்க ஒரு வலீ வேண்டும். தகப்பன் இருந்தால் தகப்பன். அவர் இல்லாவிட்டால், அவருடைய தகப்பனும் இல்லாவிட்டால், சகோதரன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னாரை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சபையில் சொல்லவேண்டியவன். ஹபீபாவுக்கு நான்தான் வலீ. வரமுடியாத வலீக்கு வழி இல்லாமலும் இல்லை. வகாலத்து என்று ஒன்று இருக்கிறது. என் சார்பில் இவர் கொடுக்கட்டும் என்று பொறுப்பை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. ஊரில் வெளிநாட்டுக்குப் போன எத்தனையோ பேர் அப்படித்தான் தங்கச்சிமாரைக் கரைசேர்த்தார்கள்.

சாச்சாவும் அதைத்தான் கேட்டார். "ஒரு கடிதத்த அனுப்பு மகன். நான் கையப் பிடிச்சிக் குடுக்கிறன். நீ ஆறுதலா வா."

நான் மாட்டேன் என்றேன். காரணம் கேட்டவர்களுக்கு, ஒரே ஒரு தங்கச்சி, நான் இல்லாமலா என்றேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். உண்மையான காரணம் வேறு. நிவாரண வரிசையில் அரிசிப் பையோடு நான் நின்றதைப் பார்த்த அத்தனை பேரும், நான் கோட் போட்டுக்கொண்டு தில்லையடிப் பள்ளிவாசலில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பதைப் பார்க்கவேண்டும். அதற்காக ஒரு கோட் கூட வாங்கி வைத்திருந்தேன். அவளுக்கு மாப்பிள்ளை வேண்டியிருந்தது. எனக்கு அவளுடைய கலியாணம் வேண்டியிருந்தது.

முதல் தடவை தள்ளிப் போட்டபோது என் அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளியேற முடியாது. நியாயமான காரணம். இரண்டாவது தடவை வழக்குத் தோற்று மேன்முறையீட்டில் இருந்தது. அதுவும் நியாயம்தான். மூன்றாவது தடவை வழக்கு வென்றுவிட்டது, பயணப் பத்திரம் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஹபீபாவும் உம்மாவும் தில்லையடிச் சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்கு வந்து, மர வாங்கில் காத்திருந்து, என் அழைப்பை எடுப்பார்கள். கடை முழுக்கக் கேட்கும். கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்பேன். எந்தத் திகதிக்கு என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "பரவாயில்ல நானா" என்பாள்.

நான்காவது தடவை என்னிடம் பயணப் பத்திரம் இருந்தது. லீவும் கேட்டால் கிடைக்கும். கலியாணத் திகதியை அவர்கள் நான் சொன்னபடியே வைத்திருந்தார்கள். அந்த வாரத்தில் எனக்குக் கார் ஓட்டும் பரீட்சை வந்தது. அதைத் தள்ளிப் போட்டால் கட்டிய காசு போகும், அடுத்த டெர்மினுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பரீட்சை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் என்ன சொல்வாளோ, என் ஜெர்மன் விளங்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தில்லையடிக்கு எடுத்தேன். அங்கே என் மொழி விளங்கும். அங்கே காத்திருப்பார்கள்.

பரீட்சையில் தோற்றேன். திரும்பும்போது தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை என்றார் பரீட்சகர்.

அதே மாதம் நியாஸின் உம்மா தில்லையடிக்கு வந்து, சம்பந்தம் பேசியபோது வாங்கிய பெட்டிசட்டியை, அந்தச் சீர்ப் பாத்திரங்களை எல்லாம், திருப்பிக் கொடுத்தார். ஹபீபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நாற்பது நாளில் நியாஸுக்குக் கல்பிட்டியிலேயே கலியாணம் நடந்தது.

அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனேன், என்னுடைய கலியாணத்துக்கு. அந்தத் திகதியை யாரும் தள்ளவில்லை. கோட் அப்போது பயன்பட்டது. மணப்பெண்ணுக்கு முதல் மருதோன்றியை ஹபீபாதான் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வந்தவர்கள் எல்லாம் மனைவியை இழந்தவர்கள், அல்லது மனைவி இருக்கும்போதே வந்தவர்கள். மூன்று வருடம் பேசி வைத்து விட்டுப்போன பெண் என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு உம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். பதினொரு வருடம் ஹபீபாதான் தூக்கினாள், கழுவினாள், ஊட்டினாள். நான் சொக்லட்டும் கிறீமும் அனுப்பினேன். கிறீம் முடிந்த டப்பாக்களில் அவள் நூலும் பொத்தானும் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள்.

இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்க நினைத்துத் தள்ளிப் போட்டேன். இந்தக் கலியாணத்துக்கு அவள் வந்து, என் மகளுக்கு முதல் மருதோன்றி வைத்து, படத்தில் என் பக்கத்தில் நின்றுவிட்டால், கேட்காமலே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மலிவான திட்டம்தான். எனக்கு அதைவிடத் துணிச்சல் இல்லை.

4

மகள் சுமையாவுக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்குவது. கோபம் வந்தால் ஜெர்மனுக்குப் போய்விடுவாள். விசா நேர்முகம் மூன்றாம் தடவையும் தள்ளிப் போன செய்தி வந்த அன்று அவளைக் கூப்பிட்டு, கலியாணத்தை ஒரு மூன்று கிழமை தள்ளி வைத்தால் மாமியும் வந்துவிடலாம் என்றேன்.

அவள் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அப்படிச் செய்தால் விஷயத்தை முக்கியமாக எடுக்கிறாள் என்று அர்த்தம். மண்டபத்துக்கு அடுத்த டெர்மின் எப்போது தெரியுமா என்று கேட்டாள். எத்தனை பேர் லீவு எடுத்திருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினாள். எல்லாம் சரியான கேள்விகள். கடைசியில் கொஞ்சம் இரங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"வாப்பா, ஒரு ஆளு வரோணும் எண்டு ஒரு முழுக் கலியாணத்த ஆராவது தள்ளிப் போடுவாங்களா? அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சிச்சு?"

அவள் தன்னைத்தான் சொன்னாள். ஹபீபாவின் கதையை நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை. மாமி ஏன் கலியாணம் கட்டவில்லை என்று சின்ன வயதில் கேட்டபோது, மாமிக்கு விருப்பமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுப்படியில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றுவிட்டது. மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

யாரும் தள்ளிப் போடமாட்டார்கள் என்று மகளிடம் சொன்னேன்.

5

முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதினேன். இத்தனை வருடத்தில் கற்ற ஜெர்மன் முழுவதையும் அதில் இறக்கினேன். ஒரு பெண்ணை மூன்று தடவை அலைக்கழித்திருக்கிறீர்கள், அவளுடைய காத்திருப்புக்கு உங்களிடம் மதிப்பே இல்லை, காரணம் சொல்லாமல் மாற்றுவது மனிதாபிமானம் இல்லை என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது கண்ணீர் கூட வந்தது. அழைத்தவன் என்ற முறையில் என் பெயரும் விண்ணப்பத்தில் இருந்ததால் மூன்றாம் நாளே பதில் வந்தது. நாலு வரி. மூன்று தடவையும் விண்ணப்பதாரரின் வேண்டுகோளின்படியே நேரம் மாற்றப்பட்டது. எங்கள் பக்கத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. வணக்கம்.

மூன்று தடவை வாசித்தேன். பிறகு ஹபீபாவுக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"திகதிய மாத்தினது நீயா?"

"ஓம் நானா."

மெசின் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், ஆனால் குரல் வேறு மாதிரி வந்தது.

"முதலாந்தரம் மெய்யாவே ஏலாமப் போச்சு. பள்ளிக்கூடம் தொடங்கிற கிழமை, நூறு உடுப்புக் கிடந்திச்சு. தள்ளிப் போச்சு எண்டு சொன்னதும் நீங்க போன்ல கிடந்து அந்தரப்பட்டீங்க. கேக்க எனக்கு நல்லா இருந்திச்சு." ஒரு தையல் ஓடி முடிந்தது. "ரெண்டாந்தரம் சும்மா மாத்தினன்."

என் நிலைமை அப்போது உனக்குத் தெரியும்தானே, வழக்கு இருந்தது, பத்திரம் வரவில்லை என்று தொடங்கினேன். அவள் இடையில் புகுந்தாள். சத்தம் போடவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நாலாந்தரம் நீங்க தள்ளிப் போட்டதும் அவரு என்னட்ட கேட்டாரு, காதியாரிட்ட போவமா எண்டு. வலீ வராட்டி காதியாரே முடிச்சு வைக்கலாமாம். நாந்தான் மாட்டன் எண்டன். எங்கட நானா உசிரோட இருக்கக்குள்ள காதியார் முடிச்சு வச்சா, ஊரில நானாக்கு வெக்கம் எண்டன். நீங்க கோட் வாங்கி வச்சிருக்கீங்க எண்டு உம்மா சொல்லியிருந்தாங்க."

இருபத்தைந்து வருடம் இதை அவள் வைத்திருந்திருக்கிறாள். நான் அனுப்பிய டப்பாக்களில் பொத்தானோடு சேர்த்து இதையும் போட்டு மூடி வைத்திருந்தாளோ என்னவோ. எனக்கு முதலில் வந்தது வெட்கம். அடுத்தது, இதை இப்போதா சொல்கிறாள் என்ற கோபம். அந்த வரிசையில் வந்தது என்பதை மட்டும் என் நல்ல பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கெஞ்சினேன். மறைக்க என்ன இருக்கிறது, கெஞ்சினேன். இன்னும் நாலு கிழமைக்கு மேல் இருக்கிறது, அவசர நேரம் ஒன்று எடுக்கலாம், நானே இங்கிருந்து கதைக்கிறேன், இந்த ஒரு தடவை போய்விட்டு வா என்றேன். மன்னிப்பு என்ற சொல் அப்போதும் வாயில் வரவில்லை. மருதோன்றி வைக்க ஆள் இல்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க நாலு தரம், நானா. எனக்கு இப்பதான் மூண்டு."

அவள் வைத்துவிடவில்லை. அதுதான் இன்னும் மோசம். மெசினை நிறுத்திவிட்டு, சுமையாவின் தோள் அளவு போன தடவை சொன்னதுதானா, கூடிக் குறைந்ததா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். இவ்வளவு நேரமும் அவள் தைத்துக்கொண்டிருந்தது என் மகளின் கலியாண உடுப்பை.

6

மேலே உள்ளதை எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. நிக்காஹ் முடிந்தது, குறித்த நாளில், குறித்த மணிக்கு.

உடுப்பு ஒரு கிழமைக்கு முன்பே பார்சலில் வந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவேலை, கிட்டப் போனால்தான் தெரியும். தோளில் ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுமையா கண்ணாடியின் முன்னால் நின்று, மாமி ஒரு தடவையும் என்னைப் பார்க்காமல் எப்படி என்று கேட்டாள். மருதோன்றியை அவளுடைய சிநேகிதிகள் வைத்துவிட்டார்கள்.

நான் கோட் போட்டிருந்தேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சபையில் சொன்னேன். எத்தனை வருடம் மனதில் ஒத்திகை பார்த்த வார்த்தை. நிவாரண வரிசையில் என்னைப் பார்த்தவர் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. அந்தக் கையை நான் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து, தகப்பன் மனசு என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டினார்.

சாப்பாடு தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் ஹபீபாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாழ்த்தாக இருக்கும் என்று எழுந்து மண்டபத்துக்கு வெளியே போய்த் திறந்தேன். விசா அலுவலகம் அவளுக்கு அனுப்பிய அறிவித்தலை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். விண்ணப்பதாரரின் வேண்டுகோளின்படி நேர்முகம் மாற்றப்பட்டுள்ளது. கீழே, புதிய திகதி என்ற இடத்தில், விண்ணப்பதாரர் பின்னர் தெரிவு செய்வார் என்று இருந்தது.

நான்காவது.

மண்டப வாசலில் நின்றபடி, இருபத்தேழு வருடத்துக்கு முன் அந்த வகுப்பில் ஆசிரியை என்னிடம் கேட்டதை ஹபீபாவுக்கு எழுதினேன். எந்தத் திகதிக்கு?

இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. அவள் வாசித்துவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.